ராமானுஜன் படித்த கைடு

1903-இல், கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த ராமானுஜனின் கைக்கு ஒரு இரவல் புத்தகம் வந்து சேர்ந்தது. ஜார்ஜ் ஷூப்ரிட்ஜ் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்தது. சுமார் ஐயாயிரம் சூத்திரங்களும் தேற்றங்களும் வரிசை எண் போட்டு அடுக்கப்பட்டிருக்கும். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. இருந்தால் ஓரிரு வரிக் குறிப்போடு சரி. கார் பெரிய கணித மேதை அல்லர். கேம்பிரிட்ஜின் டிரைபாஸ் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்த டியூஷன் வாத்தியார். பாடம் நடத்தச் சேர்த்த குறிப்புகளைத்தான் புத்தகமாக்கினார். இன்றைய பேச்சில் சொன்னால் அது ஒரு கைடு.

மனப்பாடக் கல்வியைச் சாடுகிறவர்கள் மேடைக்கு மேடை ராமானுஜனைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கோட்டைவிட்டவர், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர், சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறாதவர். தேர்வுமுறைக்கு மேதையைக் கண்டுகொள்ளத் தெரியாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லைதான். ஆனால் அதே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் கதை சற்றுத் திரும்புகிறது. காரின் பட்டியலில் இருந்த முடிவுகளை அவர் தலைக்குள் ஏற்றிக்கொண்டார். ஒவ்வொன்றும் ஏன் சரி என்பதைத் தானே போட்டுப் பார்த்தார். பல ஆண்டுகள் கழித்து லண்டன் மருத்துவ விடுதியில், அவரை இங்கிலாந்துக்கு அழைத்த கணிதவியலாளர் ஹார்டி தான் வந்த டாக்சியின் எண் 1729 என்றபோது, இரண்டு கன எண்களின் கூட்டலாக இருவிதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று படுக்கையில் இருந்தபடியே சொன்னாரே, அது அந்தக் கணத்தில் முளைத்த ஞானம் அல்ல. 12-இன் கனத்தோடு 1, 10-இன் கனத்தோடு 9-இன் கனம் என்கிற அந்தப் பொருத்தம் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் முன்பே ஏறியிருந்தது. அவர் பார்த்துப் பழகி நினைவில் வைத்திருந்த எண் அது.

ஆக, ‘புரிந்து படிப்பதா, மனப்பாடம் செய்வதா’ என்று பட்டிமன்றத் தலைப்பு வைத்தால் ராமானுஜன் எந்த அணியில் உட்காருவார் என்று சொல்வது கடினம். தலைப்பே கோணல். ஆனாலும் அந்தத் தலைப்பு ஏன் திரும்பத் திரும்ப எழுகிறது என்பதற்கு வலுவான காரணம் உண்டு; தமிழ்நாட்டில் அது இன்னும் வலுவானது.

2007-இல் தமிழகத்தில் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு கைவிடப்பட்டது. கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துக் கோச்சிங் பிள்ளைக்கும் இடையே நின்ற சுவரை உடைக்க வேண்டும் என்பது நோக்கம், நியாயமானதும்கூட. ஆனால் வாசல் ஒன்றாகிவிட்டதால் கூட்டம் முழுக்க அதன் மேல் விழுந்தது. பிளஸ் டூவில் ஒரு மதிப்பெண் கூடினாலும் குறைந்தாலும் கல்லூரியே மாறும். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்பதை ‘ப்ளூ பிரிண்ட்’ முன்கூட்டியே சொல்லிவிட்டது. புத்தகத்தில் எந்தப் பக்கங்களைத் திறக்காமலே சென்டம் வாங்கலாம் என்பது ஒரு தொழில்நுட்பமாக வளர்ந்தது. விடியற்காலை ஸ்டடி, ஸ்லிப் டெஸ்ட், ரிவிஷன், மறுபடி ரிவிஷன். பிளஸ் ஒன் புத்தகத்தைத் தொடாமல் பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டுகள் ஓட்டிய விடுதிப் பள்ளிகள் பல. இது ஊரறிந்த ரகசியம். அரசு 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கமும் 2017-இல் நின்றது. 2018-19 முதல் புதிய பாடநூல்கள் வந்தன. பின்னர் 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதை ஒட்டி, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு மறுபடியும் நீக்கப்பட்டது.

இந்தக் காலத்துக்கு நடுவே ஒரு வெளியாள் வந்து சோதித்துப் பார்த்தார். 15 வயதுப் பிள்ளைகள் படித்ததை வாழ்க்கைச் சூழலில் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கும் பன்னாட்டுத் தேர்வான பிசாவில், 2009 சுற்றின் நீட்சியாக, இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. வாசிப்பில் தமிழ்நாட்டின் சராசரி 337, கணிதத்தில் 351. வளர்ந்த நாடுகளின் சராசரி ஐந்நூறை ஒட்டியது. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் இருந்த பட்டியலில் இந்த இரண்டு மாநிலங்களுக்கும் அடிமட்டத்தில்தான் இடம், பக்கத்தில் கிர்கிஸ்தான். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று டெல்லியில் குறை சொன்னார்கள். அதற்குப் பிறகு இந்தியா அந்தத் தேர்வை எழுதவில்லை.

முடிவு வந்ததும், எல்லாம் மனப்பாடத்தால் வந்த வினை என்று எழுதித் தீர்த்தார்கள். அது அவசரத் தீர்ப்பு. வீட்டில் முதல்முறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, சத்துணவை நம்பியிருந்த வயிறுகள், ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்திய பள்ளிகள் எல்லாம் அந்த 337-க்குள் இருக்கின்றன. இன்னொன்று: அதே பட்டியலின் உச்சியில் இருந்தது ஷாங்காய். கணிதத்தில் 600. மனப்பாடத்துக்குப் பேர்போன சீனக் கல்வி மரபில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்!

இந்த முரண் ஆய்வாளர்களை வெகுநாள் குடைந்திருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த ஃபெரென்ஸ் மார்ட்டன் 1990-களில் சீன ஆசிரியர்களிடம் பேசிப் பார்த்தார். மேற்கத்தியர்கள் மனப்பாடத்தையும் புரிதலையும் இரு துருவங்களாகப் பார்க்க, இவர்களோ மனப்பாடத்தையே இரண்டாகப் பிரித்தார்கள். பொருள் தெரியாமல் ஒப்பிப்பது ஒரு வகை. திரும்பத் திரும்பச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் பொருள் கொஞ்சம் கூடுதலாகத் திறப்பது இன்னொரு வகை. தேவாரமோ பாசுரமோ சிறுவயதில் ஒப்பித்துவிட்டு நாற்பது வயதில் ஒரு வரியில் சட்டென்று நின்றுபோன தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, ஒப்பிக்காமல் ‘கருத்தை’ நடத்துகிற இடங்களில் எல்லாம் சுகமா? அங்கேயும் போய்ப் பார்க்கலாம்.

1987-இல் வெளியான ஓர் ஆவணப்படத்துக்காக ஹார்வர்டு பட்டமளிப்பு நாளில் மாணவர்கள், பேராசிரியர்கள், பழைய மாணவர்கள் என்று 23 பேரிடம் ஓர் எளிய கேள்வி கேட்டார்கள்: கோடை ஏன் சுடுகிறது? 21 பேர் தடுமாறினார்கள். கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது என்பதே பரவலான பதில். உண்மையில் பூமி சூரியனை மிக நெருங்குவது ஜனவரி முதல் வாரத்தில், நமக்கு நல்ல மார்கழிக் குளிரில். காரணம் அச்சின் சாய்வு. ‘பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்துள்ளது’ என்பது நம்மூரில் ஒன் மார்க் கேள்வி. நம் பிள்ளைகளிடம் எண் இருக்கிறது, அதிலிருந்து கோடைக்குப் போகும் வழி இல்லை.

அதே ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர், தன் வகுப்பு நன்றாகப் போகிறது என்றே நம்பியிருந்தார். மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டார்கள், அவருக்கு நல்ல மதிப்பீடும் தந்தார்கள். 1990 வாக்கில் அரிசோனாவின் டேவிட் ஹெஸ்டனஸ் குழுவினர் உருவாக்கிய, கணக்கே இல்லாத எளிய கேள்விகளை அவர்களிடம் கொடுத்தார். கனமான லாரி ஒன்று சிறிய காரில் மோதுகிறது. எது எதன் மேல் அதிக விசை செலுத்துகிறது என்பது போன்றவை. இரண்டும் சமம் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அதை வார்த்தை பிசகாமல் சொல்லத் தெரிந்தவர்கள் பலர் லாரி என்றார்கள். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுத வேண்டுமா, நான் இதைப் பற்றி நினைக்கிறபடி எழுத வேண்டுமா என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்குப் பிறகு மசூர் தன் வகுப்பை அடியோடு மாற்றினார். விரிவுரையை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்பது, பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடுவது, பிறகு மறுபடி பதில் கேட்பது என்று அவர் வகுத்த முறை இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது.

ஹார்வர்டில் கண்டது மனப்பாடத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. எதிர்த்தரப்பு வாதம் சதுரங்கப் பலகையில் இருந்து வருகிறது.

டச்சு உளவியலாளர் அட்ரியான் தெ கிரூட் தொடங்கி வைத்த சோதனையை 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் விரித்துச் செய்தார்கள். நடுவில் நிற்கும் ஓர் ஆட்டத்தை ஐந்து நொடி காட்டிவிட்டு மறைத்து, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். புதியவர் நாலைந்தோடு நின்றார். அடுத்து அதே காய்களை ஏனோதானோவென்று பரப்பிக் காட்டியபோது மாஸ்டரும் புதியவர் அளவுக்கே இறங்கிவிட்டார். மாஸ்டருக்கு அபூர்வ நினைவாற்றல் எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் பார்த்துப் பழகிய அமைப்புகள் உள்ளே குடியிருக்கின்றன. பலகையைப் பார்த்ததும் அவருக்குக் காய்கள் தெரிவதில்லை, அமைப்புகள் தெரிகின்றன. யோசிப்பது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, முன்பே தெரிந்ததை அடையாளம் காண்பது.

இதற்குள் இன்னொரு பாடமும் இருக்கிறது. சதுரங்கத்தில் தொடக்க நகர்வுகளை இருபது, இருபத்தைந்து வரை உரு போட்டு வருவது அளவு மீறிப் போனதால் பாபி ஃபிஷர் 1996-இல் ஒரு மாற்று ஆட்டத்தை அறிவித்தார். பின்வரிசைக் காய்களைக் குலுக்கிப் போட்டால் 960 விதமான தொடக்கங்கள். எதையும் உரு போட்டுக்கொண்டு வர முடியாது. மனப்பாடம் செத்தது, இனி புதிய முகங்கள் வெல்லும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த ஆட்டத்திலும் கோப்பைகளைத் தூக்கியவர்கள் கார்ல்சன், நகமுரா, வெஸ்லி சோ போன்ற பழைய சதுரங்கத்தின் ஜாம்பவான்கள்தான். உரு போட்ட வரிசை பயனற்றுப்போனது. அமைப்புகளின் நினைவு கைவிடவில்லை. தலைக்குள் சேமிப்பவை எல்லாம் ஒரே சரக்கு அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வகுப்பறை ஆய்வுகளில்கூடக் கிடைப்பது அரிது.

ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் x²+15x+56 என்பதைக் காரணிப்படுத்த வேண்டும். பெருக்கினால் 56, கூட்டினால் 15. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வாய்ப்பாடு நாக்கில் இருக்கும் பிள்ளைக்கு (x+7)(x+8) பார்த்த உடனே தெரியும். அது இல்லாத பிள்ளை 56-ஐ எவையெல்லாம் வகுக்கும் என்று விரல் மடக்கத் தொடங்கும்போதே, எதற்காக இந்தக் கணக்கைத் தொடங்கினோம் என்பது நழுவிவிடும். ஒரே நேரத்தில் மனம் ஏந்திக்கொள்ளக்கூடியது மிகக் குறைவு. ஏழு, கூடினால் ஒன்பது, குறைந்தால் ஐந்து என்றார் ஜார்ஜ் மில்லர் 1956-இல். பின்வந்த ஆய்வுகள் அதை நாலாகச் சுருக்கின. அந்த நாலில் இரண்டை ஏழெட்டுக்குக் கொடுத்துவிட்டால், கருத்துக்கு இடம் எங்கே? இங்கிலாந்து அரசு 2022 முதல் நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாய்ப்பாட்டுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது: 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 நொடி. புரிதலை முன்வைத்துப் பேசிய நாடுதான் அது.

வாசிப்பிலும் இதே கதைதான். 1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் ஆட்ட வர்ணனை ஒன்றைக் கொடுத்தார்கள். வாசிப்பில் மந்தம் என்று முத்திரை குத்தப்பட்ட, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், ஆட்டம் தெரியாத ‘நல்ல வாசகர்களை’ விட அதைத் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள். விஷயம் தெரிந்தவனுக்கே வாக்கியம் புரிகிறது. ‘எல்லாம்தான் கூகுளில் இருக்கிறதே, செயற்கை நுண்ணறிவு சொல்லுமே’ என்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம். கிடைத்த விடை சரியா என்று சந்தேகப்படுவதற்கே தலைக்குள் முதல் வேண்டும்.

நம்முடைய திண்ணைப் பள்ளிகள் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அவற்றைப் பிரம்பும் ஒப்பித்தலும் மட்டுமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். பிரம்பு இருந்தது உண்மை. ஆனால் அங்கே பிள்ளைகள் உரத்துச் சொல்லிப் பழகிய எண்சுவடி, முந்திரி எனும் 320-இல் ஒரு பங்கில் தொடங்கிக் காணி, மா, வீசம், அரைக்கால், கால் என்று ஏறும். முக்காலில் பாதி எவ்வளவு என்றால் ‘காலே அரைக்கால்’ என்று வாய் சொல்லும். பள்ளியை விட்டு வெளியே வந்ததும் நெல் அளப்பதிலும், நிலம் அளப்பதிலும், கடைக் கணக்கிலும் அந்த வாய்தான் சோறு போட்டது. தமிழ்க் கணித மரபை ஆராய்ந்த வரலாற்றாளர் செந்தில் பாபு, அந்தப் பள்ளிகளில் நினைவு என்பது கற்கும் முறையாகவே இருந்தது என்றும், அதைப் பொருளற்ற நெட்டுருவாக்கியதில் காலனியப் பள்ளிக்கும் அதன் பாடநூலுக்கும் பங்கு உண்டு என்றும் வாதிடுகிறார். முழுக்க ஏற்க முடியாவிட்டாலும், வாதத்தின் மையம் திடமானது. பயன்படுத்தும் இடம் கண்ணுக்குத் தெரிகிறபோது மனப்பாடம் செத்த சரக்காவதில்லை. அந்தத் திண்ணைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உளவியல் ஆய்வுக்கூடங்கள் கடந்த இருபது ஆண்டுகளில் இந்தச் சண்டையில் ஒரு புதிய விவரத்தைச் சேர்த்திருக்கின்றன. 2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு முறையும் படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, மற்ற மூன்று முறையும் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் கேட்டால் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்தவர்களுக்கு 40 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதமும் நினைவில் நின்றன. இன்னும் சுவையானது 2011-இல் கார்ப்பிக்கியும் பிளண்ட்டும் செய்தது: புரிதலுக்கு உகந்தது என்று கல்வியாளர்கள் கொண்டாடும் கருத்து வரைபடத்தைவிட, மூடிவைத்து நினைவுகூர்ந்து எழுதியவர்கள், நேரடி விடை இல்லாத, ஊகித்து எழுத வேண்டிய கேள்விகளிலும் நன்றாகச் செய்தார்கள். நம் ஊர் ஸ்லிப் டெஸ்ட்டுக்கு இப்படி ஓர் அறிவியல் ஆதரவு இருப்பது அதை நடத்துகிறவர்களுக்கே தெரியாது. ஆனால் ஒரு நிபந்தனை. அந்த மாணவர்கள் தம் சொற்களில் எழுதினார்கள்.

பாடத்துக்குப் பாடம் அளவு மாறும் என்பதையும் மறக்கலாகாது. உடற்கூறியலில் நரம்பின் பெயர் தெரியாத மருத்துவ மாணவருக்குப் புரிதல் தொடங்கவே தொடங்காது. விமானிகள் அவசர நேரத்தில் முதலில் செய்ய வேண்டிய சில படிகளை மட்டும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள்; மீதியைச் சரிபார்ப்புப் பட்டியலைப் பார்த்தே செய்வார்கள். வரலாற்றில் 1857 முந்தியது, 1885 பிந்தியது என்று தெரியாதவரிடம் காங்கிரஸ் ஏன் தோன்றியது என்று பேச முடியாது. அதற்காக ஒவ்வொரு உடன்படிக்கையின் தேதியும் வேண்டுமென்பதில்லை. வேதியியலில் தனிம அட்டவணையின் முதல் இருபது தனிமங்கள் வேண்டும். ‘ஓசோன் படலம் பற்றி எழுதுக’ என்பதற்கான பன்னிரண்டு வரி விடை வேண்டாம். அடிக்கடி கை நீட்டி எடுக்க வேண்டியது எதுவோ அதுவே மனப்பாடத்துக்கு உரியது. ஒரே ஒரு முறை மார்ச் மாதத்தில் வாந்தி எடுப்பதற்கு உரியவற்றைத்தான் நம் பிள்ளைகள் மிகுதியாகச் சுமக்கிறார்கள்.

தேர்வை மாற்றினால் தீரும் என்றால், நீட் வந்தபோது தீர்ந்திருக்க வேண்டும். 2017 முதல் தமிழக மருத்துவச் சேர்க்கையை அது தீர்மானிக்கிறது. புரிதலைச் சோதிக்கும் தேர்வு என்றார்கள். 180 கேள்விகளில் பாதி உயிரியல். கோச்சிங் மையங்கள் கண்டுகொண்ட சூத்திரம் எளியது: என்சிஇஆர்டி உயிரியல் புத்தகத்தை வரி வரியாக, படத்தின் கீழுள்ள குறிப்பையும் விடாமல் தலையில் ஏற்று. பழைய டப்பா அடித்தல் போய்ப் புதிய டப்பா வந்தது, கட்டணம் மட்டும் பல மடங்கு. சிபிஎஸ்இ 2014-இல் புத்தகத்தைப் பார்த்து எழுதும் பகுதியைக் கொண்டுவந்து சில ஆண்டுகளில் கைவிட்டது. 2024-25-இல் மேல்நிலை வகுப்புகளில் திறன்சார் கேள்விகளைப் பாதி அளவுக்கு உயர்த்தியது. திசை சரி. வினாத்தாளை மாற்றுவது பாதிவேலைதான்.

நல்ல கேள்வி எப்படி இருக்கும்? மேட்டூர் அணையின் ஓராண்டு நீர்மட்ட வரைபடத்தைக் கொடுத்து, ஜூன் 12-இல் அணையைத் திறப்பது எந்த நம்பிக்கையில், இந்த வரைபடத்து ஆண்டில் குறுவைக்குத் தண்ணீர் கிடைத்திருக்குமா, சம்பாவுக்கு எந்த மழை கைகொடுத்திருக்கும் என்று கேட்கலாம். தென்மேற்குப் பருவமழை குடகில் எப்போது பெய்யும், வடகிழக்குப் பருவமழை டெல்டாவுக்கு எப்போது வரும் என்ற தகவல்கள் நினைவில் இல்லாதவர் பேனாவைத் திறக்க முடியாது. அவை மட்டும் இருப்பவர் முதல் வரியைத் தாண்ட முடியாது.

சிக்கல் இந்த விடையைத் திருத்தும் மேசையில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 8 லட்சம் பேர் பிளஸ் டூ எழுதுகிறார்கள். திருத்தும் முகாமில் ஆசிரியர் கையில் விடைக்குறிப்பு, எதிரே விடைத்தாள் கட்டு, தலைக்கு மேல் மறுமதிப்பீடு பற்றிய பயம். விடைக்குறிப்பில் உள்ள சொல் கண்ணில் பட்டால் மதிப்பெண் போடுவது அவருக்குப் பாதுகாப்பு. சொந்த நடையில், சரியாக, ஆனால் வேறு வரிசையில் எழுதிய விடையை நிதானமாக வாசித்து முழு மதிப்பெண் தருவது துணிச்சல். ‘புக்ல இருக்கிற மாதிரியே எழுதுடா’ என்று வகுப்பில் அந்த ஆசிரியர் சொல்வது சோம்பலால் அல்ல. முகாமில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதைக் கேட்டு உரு போடும் பிள்ளையும் மந்தமல்ல, தேர்வைச் சரியாகவே புரிந்துகொண்ட பிள்ளை.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, பெரிய செலவும் இல்லாதது. இங்கிலாந்தின் தேர்வு வாரியங்கள், குறிப்பாக கேம்பிரிட்ஜ், மாணவர்களின் உண்மையான விடைகளைப் பெயர் நீக்கி வெளியிடுகின்றன: முழு மதிப்பெண் பெற்றது, பாதி பெற்றது, ஏன் பாதி என்ற திருத்துநரின் குறிப்பு. தமிழ்நாட்டுத் தேர்வுத் துறை பாடத்துக்கு நாற்பது, ஐம்பது விடைகளை இப்படித் தேர்ந்தெடுத்து, அவற்றில் சரிபாதி பாடநூல் வாக்கியம் ஒன்றுகூட இல்லாமல் முழு மதிப்பெண் வாங்கியவையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கு முன் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பலாம். மார்ச்சில் எழுதப்போகும் மாணவரும், அதைத் திருத்தப்போகும் ஆசிரியரும் ஒரே தொகுப்பைப் பார்த்திருப்பார்கள்.